ரெட் ஹாட் போக்கர்: குருத்து அழுகல் முதல் பூக்காத தூர் வரை

மார்ச் கடைசியில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் தோட்டத்தில் இறங்குகிறோம். போன ஆகஸ்டில் தீப்பந்தம் மாதிரி நின்ற ரெட் ஹாட் போக்கர் செடி இப்போது நனைந்த வைக்கோல் குவியலாகக் கிடக்கிறது. நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடுகிறது. அடிப்பக்கம் பழுப்பாக, கொழகொழவென்று, அழுகின வெங்காய நாற்றத்தோடு. எனக்கு இது அடுத்தடுத்து இரண்டு வருடம் நடந்தது. இரண்டு முறையும் 'லண்டன் குளிர் தாங்கவில்லை' என்று குளிர் மேல் பழியைப் போட்டேன். மூன்றாவது செடி வாங்கிய பிறகுதான் புரிந்தது: குளிர் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. கொன்றது தண்ணீர். தண்ணீருக்கு வழி விட்டவன் நான்.

போக்கர் என்றால் கணப்பில் கரியைக் கிளறும் இரும்புக் கம்பி. பழுக்கக் காய்ந்த கம்பி போலக் கதிர் நிற்பதால் அந்தப் பெயர். தாவரப் பெயர் நிஃபோஃபியா. ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரத்து மருத்துவரும் தாவர அறிஞருமான க்னிப்ஹோஃப் என்பவரின் நினைவாக 1794இல் வைத்தது. நர்சரிகளில் ஆளுக்கு ஒரு மாதிரி உச்சரிப்பார்கள், வெட்கப்படாமல் நீங்களும் உங்கள் வாய்க்கு வந்தபடி கேளுங்கள்.

கற்றாழைக்கு இது சொந்தக்காரச் செடி, இரண்டும் ஒரே குடும்பம். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். கற்றாழை உறவு என்றதும் தண்ணீரே வேண்டாத செடி என்று முடிவு கட்டிவிடுகிறோம். சுமார் 70 இனங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. அவற்றிலும் பல, டிராகன்ஸ்பெர்க் மலைப்பக்கம் போல நாட்டின் கிழக்கே, கோடையில் மழை கொட்டுகிற புல்வெளிகளிலும் ஊற்றுக் கசிகிற சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் வளர்பவை. அங்கே குளிர்காலத்தில் உறைபனி உண்டு, மழை மட்டும் இருக்காது. லண்டனில் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை விழுந்த நீர் அவ்வளவாக ஆவியாவதில்லை, களிமண் ஊறிப்போய்க் கிடக்கிறது. ஜூன், ஜூலையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. செடிக்கு எல்லாமே தலைகீழ். கீழே வருகிற அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்தத் தலைகீழில் போய்த்தான் முடியும்.

நான் எழுதுவது வடமேற்கு லண்டன் களிமண்ணில் பட்ட அனுபவம். டொராண்டோ மாதிரி நிலமே உறைகிற ஊரில் இருப்பவர்களுக்குக் குளிரும் உண்மையான எதிரிதான்.

குருத்து கையோடு வந்துவிட்டது

முதலில் இது அழுகலா, வெறும் பனிக் கருகலா என்று பிரித்துப் பாருங்கள். வெளி இலைகள் வெளுத்து, காகிதம் மாதிரி ஆகி, சில நுனிகள் குழைந்து கிடந்தாலும் நடுக்குருத்து விரலுக்குக் கெட்டியாக இருந்தால் கவலையில்லை. காய்ந்த இலைகளை நீக்கிவிட்டுப் போய்த் தேநீர் குடிக்கலாம். குருத்து கழன்று வந்து, அடி பழுப்பாக இருந்தால்தான் அழுகல்.

அழுகியிருந்தாலும் உடனே குப்பையில் போடாதீர்கள். வாழைத் தோட்டம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தாய் மரம் போனாலும் பக்கக்கன்று வரும். இதன் மண்ணடித் தண்டும் அப்படித்தான். மே நடுப்பகுதி வரை பொறுத்தால், செத்ததாக நினைத்த தூரின் ஓரத்திலிருந்து இரண்டு பச்சை முளை வருவதுண்டு. பொறுமை இல்லையென்றால், அல்லது அழுகல் பரவுவது தெரிந்தால், ஏப்ரலில் தூரை முழுதாகத் தோண்டி எடுங்கள். மண்ணைக் கழுவிவிட்டு, கூர்மையான கத்தியால் பழுப்புப் பகுதியை, உள்ளே வெள்ளையாகக் கெட்டியான சதை தெரியும் வரை சீவுங்கள். வேரோடு இருக்கிற நல்ல துண்டுகளை, சரிபாதி பருமணலும் சிறு கற்களும் கலந்த மண்ணில், தொட்டியில் வையுங்கள். மழை விழாத வெளிச்சமான இடம் போதும். புது இலை வரும்வரை மண் லேசான ஈரமாக இருக்கட்டும், அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இலை ஓரம் மெல்லிய அரம் மாதிரி கீறும்.

சரி, ஏன் அழுகியது? என் கதையைச் சொல்கிறேன். எனக்கு அக்டோபரில் தோட்டத்தை 'சுத்தம்' செய்கிற வியாதி உண்டு. முதல் செடியை, சாய்ந்து கிடந்த நீள இலைகளைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு சாண் உயரத்துக்கு வட்டமாக வெட்டி வைத்தேன். இந்த இலையின் குறுக்குவெட்டைக் கவனித்தால் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாய்க்கால். நுனியை வெட்டிவிட்டால் ஒவ்வொரு அடிக்கட்டையும் மழையைப் பிடித்து நேராகக் குருத்துக்குள் இறக்கும் குழாய் ஆகிவிடுகிறது. நான்கு மாதம் அப்படி இறக்கினால் எந்தக் குருத்து தாங்கும்?

அதனால் இலையுதிர் காலத்தில் கத்தரியைத் தொடாதீர்கள். நவம்பரில் இலைகளை எல்லாம் அள்ளிக் கொண்டை போடுவது மாதிரி மேலே சேர்த்து, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். அந்தக் கொண்டையே குடையும் போர்வையும். பார்க்கக் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். வெட்டுவது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில், குருத்தைத் தொடாமல், பழைய இலையை மட்டும். நட்ட முதல் குளிர்காலத்தில் தூரைச் சுற்றிக் காய்ந்த இலையோ மரப்பட்டைத் தூளோ போடலாம். குருத்தின் மேலேயே குவித்து மூடிவிடாதீர்கள்.

இரண்டாவது செடியை நான் வெட்டவில்லை, கட்டியும் வைத்தேன். அப்படியும் போனது. அந்தத் தவறு குழியில் இருந்தது. கெட்டிக் களிமண்ணில் அழகாக ஒரு குழி வெட்டி, அடியில் ஜல்லி போட்டு, மேலே கடையில் வாங்கிய பொலபொலப்பான மண்ணை நிரப்பி நட்டிருந்தேன். நல்லது செய்ததாக நினைப்பு. சுற்றிலும் நீர் இறங்காத களிமண், நடுவே நீரை உறிஞ்சும் மண். நான் செடிக்கு வெட்டியது ஒரு கிணறு. அடியில் போட்ட ஜல்லியும் உதவாது, நீர் வெளியேற வழியில்லாத இடத்தில் அதுவும் கிணற்றின் அடித்தளம்தான்.

உங்கள் மண்ணைச் சோதிக்க ஒரு முழ ஆழம் குழி தோண்டி, நீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே தரையில் நடாதீர்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள். அந்த இடத்து மண்ணையே, மக்கிய உரமும் பருமணலும் அகலமாகக் கலந்து, மேடாக்கினால் போதும். சரிவு இருந்தால் சரிவின் மேல்பக்கம். குருத்து மண்மட்டத்திலோ ஒரு விரல் கீழேயோ இருக்கட்டும். 7 சென்டிமீட்டரைத் தாண்டிப் புதைத்தால் வம்பு. நடுவதற்கு ஏற்ற காலம் வசந்தம். செப்டம்பரில் கடைகள் தள்ளுபடியில் தள்ளிவிடும் செடிகளை வாங்கினால், அந்தக் குளிர்காலத்துக்குத் தொட்டியிலேயே கூரையோரம் வைத்து, ஏப்ரலில் இறக்குங்கள்.

குளிர்காலத்தில் மேலே எதுவுமே இல்லை

எல்லா நிஃபோஃபியாவும் வருடம் முழுக்கப் பச்சையாக இருப்பதில்லை. புல் மாதிரி மெல்லிய இலை உள்ளவற்றில் சில, உதாரணத்துக்கு ட்ரையாங்குலாரிஸ் இனமும் அதிலிருந்து வந்த கலப்புகளும், பனி பட்டதும் மேலே முழுக்க மறைந்துவிடும். வசந்தத்தில் தானாக முளைக்கும். இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். இல்லையென்றால் காலி இடம் என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டுவிடுவீர்கள்.

இலை காடு மாதிரி, பூ மட்டும் இல்லை

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். வரிசையாக உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நட்டு அல்லது பிரித்து வைத்து எத்தனை வருடம்? இது வேரைக் கலைத்தால் கோபித்துக்கொள்ளும் செடி. பிரித்த வருடம் பூக்காமல் இருப்பது இயல்பு, சில சமயம் இரண்டாவது வருடமும் கொஞ்சமாகத்தான் வரும். விதையிலிருந்து வளர்த்திருந்தால் இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். இடையில் 'இந்த இடம் சரியில்லை' என்று பிடுங்கி வேறு இடத்தில் வைத்தீர்களா? கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

எந்த வகை? இதைக் கேட்காமல் பலர் ஜூலையிலேயே பதறுகிறார்கள். 'அட்லாண்டா' போன்றவை மே, ஜூனிலேயே பூக்கும். 'ராயல் ஸ்டாண்டர்ட்' கோடை நடுவில். ரூப்பரி இனமோ செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரைகூட இழுக்கும். பெயர்ச்சீட்டைத் தொலைத்தவர்கள் ஒரு முழு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

வெயில் எவ்வளவு? குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். மார்ச்சில் வெயில் விழுந்த இடம் ஜூனில் பக்கத்து வீட்டு மரம் தழைத்ததும் நிழலாகியிருக்கும், அப்போது நின்று பாருங்கள். நிழலில் உள்ள செடியின் இலை நீண்டு, மெலிந்து, ஒரே பக்கம் சாயும். இதற்கு உரம் மருந்தில்லை, ஏப்ரலில் இடம் மாற்றுவதுதான் வழி.

இலை கரும்பச்சையாக, செழித்து, அகலமாக இருக்கிறதா? தழைச்சத்து மிஞ்சிவிட்டது. பெரும்பாலும் குற்றவாளி புல்தரைக்குத் தூவும் உரம். பாத்தி ஓரத்தில் தூவும்போது பாதி இந்தப் பக்கம் விழுகிறது. மழையில் கரைந்து செடிக்கு விருந்தாகிவிடுகிறது. போட்டதை எடுக்க முடியாது. இந்த வருடம் நீர் மட்டும் விடுங்கள், அடுத்த வசந்தத்தில் ஒரு கூடை மக்கிய உரம் தூரைச் சுற்றி, அப்புறம் தக்காளிக்கு ஊற்றுகிற சாம்பல் சத்து மிகுந்த திரவ உரத்தை மே மாதம் ஒன்றிரண்டு முறை. நம் வீடுகளில் எப்படியும் தக்காளி இருக்கும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் கோடைத் தாகம். பூந்தண்டு உள்ளே உருவாகும் நேரத்தில் மண் வெடித்துக் கிடந்தால் செடி பூவைக் கைவிட்டு இலையைக் காப்பாற்றிக்கொள்கிறது. கற்றாழை உறவு என்கிற எண்ணத்தை இந்த இடத்தில் தூக்கிப் போடுங்கள். மழை இல்லாத ஜூனில் வாரம் ஒருமுறை தூருக்கு ஒரு வாளி, அதாவது சுமார் 10 லிட்டர், மெதுவாக அடியில் ஊற்றுங்கள். தினம் கொஞ்சம் தெளிப்பது மண்ணின் மேல்தோலை நனைப்பதோடு சரி.

தண்டு வந்தது, மொட்டு விரியாமல் கருகிவிட்டது

இதிலும் முதல் சந்தேகம் தாகம். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மே மாதத்திலேயே தண்டு விடும் வகையாக இருந்து, பின்பனி விழுந்த மறுநாள் நுனி கறுத்திருந்தால் காரணம் பனிதான், அடுத்த தண்டு வரும். மண் ஈரமாகவும் இருந்து, பனியும் இல்லாமல், மொட்டுகளில் வெள்ளி பூசியது மாதிரித் திட்டும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கதிரைத் தட்டுங்கள். எள்ளின் கால்பங்கு அளவில் மெல்லிய பூச்சிகள் ஊர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. மோசமான கதிர்களை வெட்டி அகற்றி, இலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பூத்திருக்கும் கதிரில் பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். இதில் தேன் ஏராளம், தேனீ மொய்த்துக்கொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இதற்கு வருவது தேன்சிட்டு. இங்கே அது இல்லாததால் விருந்து முழுக்கத் தேனீக்களுக்கும் வண்டுத்தேனீக்களுக்கும்தான்.

தண்டு பாம்பு மாதிரி வளைகிறது

ஒரே திசையில் சாய்ந்தால் வெளிச்சம் அந்தப் பக்கம். திசைக்கொன்றாக நெளிந்தால் நீர் ஒழுங்கில்லை: காய்ந்து, திடீரென்று நனைந்து, மறுபடி காய்ந்திருக்கிறது. உயர வகைகள் ஆளுயரம் போகும், காற்றடிக்கிற இடத்தில் சாயத்தான் செய்யும். குச்சி கட்டலாம். எனக்கு நெளிந்த தண்டு பிடித்துப் போய்விட்டது, நான் கட்டுவதில்லை.

நுனியை யாரோ கடித்துப் போட்டிருக்கிறார்கள்

நத்தையும் ஓடில்லாத நத்தையும். இலையடுக்குகளின் அடியில் அவை குளிர்காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தும். குடையாக இருக்கட்டும் என்று நாம் விட்டுவைத்த இலைக்கு இதுதான் நாம் கொடுக்கும் விலை. வசந்தத்தில் பழைய இலையைக் களையும்போதே கையால் பொறுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை முடியும். மே மாத ஈர இரவுகளில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள், பிஞ்சுத் தண்டு நுனிதான் அவற்றுக்கு இஷ்டம். கொட்டகையில் நத்தைக்குப் போடும் பழைய நீலக் குருணை டப்பா இருந்தால், அதில் என்ன மருந்து என்று படியுங்கள். மெட்டால்டிஹைடு உள்ளவற்றைத் தோட்டத்தில் பயன்படுத்த 2022 வசந்தத்திலிருந்து பிரிட்டனில் தடை. இப்போது கடையில் கிடைப்பது ஃபெரிக் பாஸ்பேட்.

வாங்கியது சிவப்பு, பூத்தது மஞ்சள்

பாதிப் பேருக்கு இது குறையே இல்லை. கதிர் கீழிருந்து மேலாக விரியும். பல வகைகளில் மொட்டு சிவப்பு, விரிந்த பூ மஞ்சள். அதனால் முதல் நாள் செங்கோலாக நின்றது, சில நாளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாகி, கடைசியில் மஞ்சளிலும் பழுப்பிலும் முடியும். 'ராயல் ஸ்டாண்டர்ட்' வாங்கினவர்கள் பார்ப்பது இதைத்தான்.

தொடக்கத்திலிருந்தே நிறம் வேறு என்றால் விதைக்கன்றாக இருக்கும். இனங்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும், விதை தாயைப் போல வருவதில்லை. ஒரு நர்சரியில் ஒரே பெயர்ச்சீட்டோடு வாங்கிய மூன்று செடி எனக்கு மூன்று நிறத்தில் பூத்தது. குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் பூத்திருக்கும்போது வாங்குங்கள், அல்லது தெரிந்தவர் தூரிலிருந்து கன்று கேளுங்கள்.

நடுவில் வழுக்கை, ஓரத்தில் மட்டும் பூ

நாலைந்து வருடமான தூர் நெருக்கியடித்துப் போயிருக்கிறது. ஏப்ரலில் பிரிக்கலாம். முழுத்தூரையும் கிளப்பினால் அந்த வருடப் பூ மொத்தமும் போய்விடும். நான் இப்போதெல்லாம் வாழைக்குச் செய்வது மாதிரி, ஓரத்தில் இரண்டு மூன்று குருத்தும் வேரும் உள்ள பகுதியை மட்டும் மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டி எடுக்கிறேன். தாய்த்தூர் அந்தக் கோடையிலும் ஓரளவு பூக்கிறது. எடுத்ததை 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள், பெரிய வகைகளுக்கு இன்னும் தாராளமாக.

தொட்டியில் வைத்தது பரிதாபமாக இருக்கிறது

இரண்டடி உயரத்தோடு நின்றுவிடும் 'லிட்டில் மெய்ட்', 'பாப்சிகிள்' வரிசைக் குள்ள வகைகள் தொட்டிக்குத் தோது. 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த தொட்டியில் கோடையில் தினம் தண்ணீர் கேட்கும். குளிர்காலத்தில் அடியில் தட்டு வைக்காதீர்கள், செங்கல் துண்டுகள் மேல் தூக்கி வைத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தள்ளிவிடுங்கள். சுவரோரம் மழை குறைவு, இதமும் உண்டு.

அளவுக்கு மீறி நன்றாக வளர்கிறது

இது லண்டன்காரர்களுக்கு வராத கவலை. மெல்போர்ன் பக்கம் இருப்பவர்களுக்கு வரும். விக்டோரியா மாநிலத்தில் ஊவாரியா இனம் தோட்டத்தை விட்டு வெளியேறி, தானாகப் பரவி, களையாகிவிட்டது. அங்கே இருப்பவர்கள் பூ வாடியதும், விதைக்காய் பழுக்கும் முன்பே, தண்டை அடியோடு வெட்டுங்கள். பிரித்தெடுத்த தூரை வேலிக்கு அப்பால், ஓடைப்பக்கம் வீசாதீர்கள். ஓடைக்கரைதான் அதற்குப் பிறந்த வீடு, அங்கே விழுந்தால் உங்களைவிட நன்றாகப் பிழைத்துக்கொள்ளும்.